பன்னிரண்டாம் வகுப்பும் கல்லூரி விண்ணப்பமும்: அமெரிக்காவில் முதன்முறை இறங்கும் குடும்பங்களுக்கு

நம்மூர் ப்ளஸ் டூவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் படிப்பு, மார்ச்சில் பரீட்சை, பிறகு மார்க், அதற்கப்புறம்தான் விண்ணப்பம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்ஆஃப் போட்டு, பொறியியல் கலந்தாய்வில் திரையைப் பார்த்து இடம் பிடித்தவர்கள் நாம். அந்த ஞாபகத்தோடு அமெரிக்கப் பள்ளிக்குள் பிள்ளையை அனுப்பினால், அக்டோபர் மாதம் தலை சுற்றிவிடும். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி எட்டே வாரத்தில் முதல் விண்ணப்பங்கள் போய்விட வேண்டும். அதே எட்டு வாரத்தில்தான் கால்குலஸ் சூடு பிடிக்கும், பிசிக்ஸ் லேப் ரிப்போர்ட் குவியும், பாண்ட், டிபேட், பரதநாட்டியம் எல்லாமும் ஓடும்.

என் மூத்தவள் 2024-இல் விண்ணப்பம் போட்டாள். நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளி. அடுத்தவன் இப்போது பத்தாவது. தமிழ்ப் பள்ளி வாசலில் ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கும்போது, புதிதாக வந்த பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு நான் சொல்கிற பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: விண்ணப்பம் போடுவதும் ஒரு பாடம். ஏழாவதோ எட்டாவதோ பாடம். அதற்கென்று வாரத்தில் மணி ஒதுக்காவிட்டால், மற்றப் பாடங்களின் நேரத்தையும் தூக்கத்தையும் அது எடுத்துக்கொள்ளும்.

பதினொன்றாம் வகுப்பின் பிப்ரவரியிலேயே வேலை தொடங்குகிறது

பன்னிரண்டாம் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது என்று பள்ளி கேட்பது முந்தின குளிர்காலத்தில். பெரும்பாலான பள்ளிகளில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அந்தப் படிவம் வரும். சமநிலையெல்லாம் அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது. செப்டம்பரில் உட்கார்ந்து "இவ்வளவு சுமையா?" என்று புலம்பிப் பயனில்லை.

என் மகள் முதலில் அந்தப் படிவத்தில் ஆறு ஏபி (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி அளவுப் பாடங்கள்) எழுதியிருந்தாள். கால்குலஸ் பிசி, பிசிக்ஸ் சி, கெமிஸ்ட்ரி, லிட்டரேச்சர், கவர்ன்மென்ட், ஸ்டாடிஸ்டிக்ஸ். தோழிகள் எல்லாரும் ஆறு என்பதைத் தவிர வேறு காரணம் அவளிடம் இல்லை. பள்ளியின் கவுன்சிலரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளம்) பள்ளி அனுப்பும் ஸ்கூல் ரிப்போர்ட்டில், இந்த மாணவர் எடுத்த பாடங்கள் இந்தப் பள்ளியின் அளவில் எவ்வளவு கடினமானவை என்று கவுன்சிலர் குறிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "மிகக் கடினம்" என்ற கட்டத்தில் டிக் விழ எங்கள் பள்ளியில் எத்தனை ஏபி போதும்? நான்கு போதும் என்று பதில் வந்தது. ஸ்டாடிஸ்டிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் விட்டாள். அந்த இடத்தில் ஒரு ஸ்டடி ஹால், அதாவது பாடம் நடக்காமல் சொந்தமாகப் படிக்கும் நேரம், வந்தது. தினம் 42 நிமிடம். அக்டோபரில் அந்த 42 நிமிடத்தின் அருமை எங்களுக்குத் தெரிந்தது.

இதை "கஷ்டமான பாடத்தை எல்லாம் விட்டுவிடுங்கள்" என்று யாரும் படிக்க வேண்டாம். இன்ஜினியரிங் போகிற பிள்ளை கால்குலஸும் பிசிக்ஸும் எடுத்தே ஆக வேண்டும். போகிற துறைக்குச் சம்பந்தமில்லாமல், எண்ணிக்கைக்காக மட்டும் சேர்க்கிற ஐந்தாவது, ஆறாவது ஏபியைத்தான் சொல்கிறேன். அதில் வாங்கும் பி கிரேடு ஜனவரியில் எல்லாக் கல்லூரிக்கும் போகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாடத்தைப் பிறகு மாற்றுவதாக இருந்தால் பள்ளி தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். விண்ணப்பம் அனுப்பிய பிறகு ஒரு பாடத்தைக் கைவிட்டால், விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு அதை எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

மே மாதம்: ஆசிரியர்களிடம் கேட்பது

பெரும்பாலான தனியார் கல்லூரிகள் ஒன்று அல்லது இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். பதினொன்றாம் வகுப்பில் முக்கியப் பாடம் எடுத்தவர்களிடம் கேட்பது நல்லது. அதிகம் பேர் விரும்பும் ஆசிரியர்கள் "இந்த வருடம் இத்தனை கடிதம்தான்" என்று கணக்கு வைத்திருப்பார்கள். மே மாதம் கேட்டவர்களுக்கு இடம் கிடைக்கும், செப்டம்பரில் கேட்பவர்களுக்குப் பல நேரம் கிடைக்காது. நேரில் போய்க் கேட்க வேண்டும். கேட்பது பிள்ளையாக இருக்க வேண்டும், அப்பாவோ அம்மாவோ அல்ல. ஆசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்பும் கொடுக்கலாம்: அவர் வகுப்பில் எதில் தடுமாறினேன், எதில் தேறினேன், எந்த லேப் பிடித்தது என்று. ஆசிரியருக்கு அதுதான் வேண்டும். விருதுப் பட்டியல் அவருக்கு உதவாது.

காமன் ஆப்பில் "இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறேன்" என்று ஒரு கட்டம் வரும். நம் ஆட்கள் சந்தேகப்பட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். விட்டுத்தருவதுதான் வழக்கம். டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

கவுன்சிலர் என்ற சொல் நம்மைக் குழப்பும். கலந்தாய்வுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இடம் ஒதுக்குகிறவர் அல்ல அவர். உங்கள் பிள்ளையைப் பற்றிப் பள்ளியின் சார்பில் எழுதி, பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்புகிறவர். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களின் தேசியச் சங்கம் சொல்லும் அளவு. பெரும்பாலான மாநிலங்களில் நடப்பு அதைவிடக் கூடுதல். அவருக்கு உங்கள் பிள்ளையின் முகம் தெரியும்படி பதினொன்றாம் வகுப்பிலேயே இரண்டு மூன்று முறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடை விடுமுறையும் அரங்கேற்றமும்

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் நாட்டியம் கற்ற பெண்ணுக்கு, கல்லூரி போவதற்குள் அரங்கேற்றம் நடத்திவிட வேண்டும் என்று குரு, பெற்றோர், பாட்டி எல்லாருக்கும் ஆசை. தேதி பார்த்தால் பெரும்பாலும் விழுவது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட ஆகஸ்ட். ஹால் புக்கிங், ஊரிலிருந்து பக்கவாத்தியம், அழைப்பிதழ், தினம் நான்கு மணி நேரம் பயிற்சி. காமன் ஆப் புது வருடத்துக்குத் திறப்பது ஆகஸ்ட் 1. கல்லூரிகளின் தனிக் கட்டுரைக் கேள்விகளும் அதை ஒட்டியே வெளிவரும். வருடத்திலேயே வீட்டுப்பாடம் இல்லாமல் கட்டுரை எழுதக் கிடைக்கும் ஒரே மாதம் அது. அதைத்தான் வர்ணத்துக்கும் தில்லானாவுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. ஒரு வருடம் முன்னதாக, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் வைத்துக்கொண்டோம். குருவுக்கு அரைமனம்தான். இன்னும் ஒரு வருடம் பக்குவப்படட்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு வருடம் முன்னால் முடித்த பிள்ளைகளையும் அந்த ஆகஸ்டிலேயே மாட்டிக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முடிந்தால் முன்னால் வைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போவதும் அப்படித்தான். ஜூன் கடைசியில் போய் ஜூலை கடைசிக்குள் திரும்பிவிடுங்கள். நியூ ஜெர்சி, நியூ யார்க் போன்ற இடங்களில் பள்ளி திறப்பது செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான லேபர் டேயை ஒட்டி. ஆகஸ்ட் முழுதும் கையில் இருக்கும். டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் ஆகஸ்ட் முதல், இரண்டாம் வாரத்திலேயே மணி அடித்துவிடும். அங்கே இருப்பவர்களுக்கு ஜூலைதான் ஆகஸ்ட்.

அந்தக் கோடையில் முடிய வேண்டியவை மூன்று. முதலாவது, காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரை. 250 சொல்லுக்குக் குறையாமல் 650-க்கு மேற்படாமல். இரண்டாவது, நடவடிக்கைப் பட்டியல். மூன்றாவது, கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி அல்லது ஏசிடி தேர்வு. எஸ்ஏடியை மறுபடி எழுதுவதாக இருந்தால் ஆகஸ்ட் தேர்வோடு முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் தேர்வை வைத்துக்கொண்டால் கட்டுரையும் படிப்பும் பரீட்சையும் ஒரே சனிக்கிழமையில் மோதும். எம்ஐடி, டார்ட்மத், ஹார்வர்ட், பிரவுன் போன்றவை மறுபடி தேர்வு மதிப்பெண் கேட்கின்றன. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கல்லூரிகள் கொடுத்தாலும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் அந்த வருட விதியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நடவடிக்கைப் பட்டியலில் பத்து வரிசை உண்டு. ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்து மட்டுமே. இடைவெளியும் கணக்கில் சேரும். என் மகள் முதலில் எழுதியது: "வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராகக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க உதவினேன்." இதைப் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. நான் கேட்டேன்: "நீ அங்க போய் என்னதான் பண்ணுவ?" அவள் சொன்னாள்: "ல, ள, ழ சொல்ல வராதும்மா அதுங்களுக்கு. நாக்கை எங்க வைக்கணும்னு படம் வரைஞ்சு அட்டை பண்ணேன்ல, அது." அதையே எழுதச் சொன்னேன். பதினாலு குழந்தைகள், நாற்பது அட்டைகள், மூன்று வருடம், ஒன்றுபோல் கேட்கும் மூன்று ஒலி. 148 எழுத்தில் அடங்கியது. அந்த ஒரு வரிக்கு ஒரு மாலை முழுதும் ஆனது. பத்து வரிக்கும் அப்படித்தான் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளை எண்ணாதீர்கள், கட்டுரைகளை எண்ணுங்கள்

"எத்தனை காலேஜ் போடுறீங்க?" என்பதுதான் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி. காமன் ஆப்பில் 20 வரை சேர்க்கலாம். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 50 முதல் 90 டாலர் வரை, கட்டிவிடலாம். பணத்தைவிடக் கட்டுரைதான் செலவு. முதன்மைக் கட்டுரை எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றே. ஆனால் பல கல்லூரிகள் தனியாகவும் கேட்கும், அதற்குப் பெயர் சப்ளிமென்ட். அவள் போட்ட வருடம் நார்த்ஈஸ்டர்னுக்குத் தனிக் கட்டுரையே இல்லை, ஜார்ஜியா டெக்குக்கு ஒன்று, மிச்சிகனுக்கு இரண்டு, ஸ்டான்ஃபோர்டுக்கு மூன்று கட்டுரையும் அதற்குமேல் ஐம்பது சொல்லில் பதில் சொல்லும் குறுங்கேள்விகளும். யூசிக்குக் காமன் ஆப் கிடையாது. அதன் சொந்தத் தளத்தில் எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். ஆனால் அந்த நான்கும் ஒன்பது வளாகத்துக்கும் பொது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒரு எக்செல் தாளில் இதையெல்லாம் போட்டோம். கல்லூரி, கடைசித் தேதி, கட்டுரை எண்ணிக்கை, சொல் வரம்பு. பதினேழு கல்லூரி, கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு கட்டுரை. மகள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரியே ஆறு கல்லூரி போனது. மிஞ்சிய பதினொன்றுக்கு இருபத்துமூன்று கட்டுரை. அதிலும் "ஏன் இந்தத் துறை", "உன் சமூகத்தைப் பற்றிச் சொல்", "ஏன் எங்கள் கல்லூரி" என்று மூன்றே வகைதான் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு வகையையும் ஒருமுறை நன்றாக எழுதி, 550 சொல்லாகவும் 300 சொல்லாகவும் 150 சொல்லாகவும் வெட்டி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வகையை அப்படிச் செய்ய முடியாது. பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். சில நேரம் பழைய பெயரே நின்றுவிடும், அது இன்னும் மோசம்.

ஏஐயிடம் எழுதி வாங்கி அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். காமன் ஆப் தன் மோசடி விதியிலேயே அதைச் சேர்த்திருக்கிறது. வேண்டாம்.

பட்டியலில் முன்கூட்டியே பதில் தரும் கல்லூரி ஒன்றாவது இருக்கட்டும். பிட்ஸ்பர்க், அரிசோனா ஸ்டேட் போன்றவை ரோலிங் முறையில், விண்ணப்பம் வரவர முடிவு சொல்கின்றன. செப்டம்பர் முதல் வாரத்தில் அனுப்பி, பதில் சீக்கிரமே வந்துவிட்டால், "எங்கேயும் கிடைக்காமல் போய்விடுமோ" என்ற பயம் வீட்டைவிட்டுப் போகும். என் மகளின் தூக்கம் சரியானது அந்த மின்னஞ்சல் வந்த பிறகுதான்.

தேதிகளும் வகைகளும்

ஏர்லி ஆக்‌ஷன் என்றால் சீக்கிரம் போட்டுச் சீக்கிரம் பதில் வாங்குவது. கிடைத்தாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஏர்லி டிசிஷன் என்றால் கிடைத்தால் போயே ஆக வேண்டும். பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நடுவில் ஒரு வகை வைத்திருக்கின்றன: கட்டுப்படுத்தாது, ஆனால் மற்றத் தனியார் கல்லூரிகளுக்கு அதே சமயம் ஏர்லி போட விடாது. தேதிகள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. வட கரோலினாவின் யூஎன்சி சேப்பல் ஹில் போன்றவை அக்டோபர் 15. யூசிக்கு நவம்பர் 30. அந்த நாள் வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் தள்ளிவைப்பார்கள். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரங்கள்.

இதில் ஒரு கண்ணுக்குத் தெரியாத தேதி உண்டு. டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பிக்கப் பள்ளியே ஓர் உள்தேதி வைத்திருக்கும். கல்லூரியின் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்னால். எங்களுக்கு அது அக்டோபர் முதல் வாரம். அதைத் தவறவிட்டவர்கள் கவுன்சிலர் அறை வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரட்கர்ஸ், பிட்ஸ்பர்க் போன்றவை எஸ்ஆர்ஏஆர் என்று இன்னொன்றும் கேட்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் கிரேடையும் பிள்ளையே தட்டச்சு செய்ய வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் முடித்துவிடுங்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரு வாரம்

இனி அந்த ஏழாவது பாடத்துக்கு மணி ஒதுக்குவது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளி இரண்டரைக்கு முடியும். செவ்வாய், வியாழன் நான்கு முதல் ஐந்தரை வரை விண்ணப்பம். சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை விண்ணப்பம். அவ்வளவுதான், வாரத்துக்கு ஆறு மணி நேரம். மற்ற நாளில் கட்டுரையைத் திறக்கக் கூடாது. திங்கள், புதன் நாட்டியம். வெள்ளி மாலை எதுவும் கிடையாது. படம் பார்ப்பாள், தோழிகளோடு போவாள், தூங்குவாள். ஸ்டடி ஹாலில் கால்குலஸ் கணக்கு. மறுநாள் டெஸ்ட் என்றால் அன்றைய விண்ணப்ப நேரம் ரத்து; சனிக்கிழமை மதியம் அதை ஈடு செய்ய வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு ஆசிரியரின் பாடத்திட்டத்தாளையும் வாங்கி, யூனிட் டெஸ்ட் தேதிகளைக் கல்லூரித் தேதிகள் இருக்கும் அதே காலண்டரில் எழுதினாள். அப்போதுதான் அக்டோபர் 28 முதல் நவம்பர் 1 வரையான வாரத்தில் மூன்று டெஸ்ட் இருப்பது தெரிந்தது. நவம்பர் 1-க்கான விண்ணப்பங்களை அக்டோபர் 25-க்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். அப்படி அனுப்பினோமா என்பதைக் கீழே படியுங்கள்.

பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் தொடங்குவதே கல்லூரிக் கட்டுரையோடுதான். அந்த வகுப்பின் வீட்டுப்பாடமாகவே சப்ளிமென்ட்டை எழுதிக் கொடுக்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்கலாம். பெரும்பாலும் சரி என்பார்கள். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

தூக்கத்தைத் தொடாதீர்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்லும் கணக்கு. எட்டு எங்களுக்கும் வரவில்லை, ஏழு வந்தது. இரவு பதினொன்றுக்கு மேல் எழுதிய எந்தப் பத்தியும் மறுநாள் காலையில் தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு விதி. நான் முதல் மூன்று வாரம் தினமும் சாப்பாட்டு மேஜையில் "எஸ்ஸே எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன். நான்காவது வாரம் அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அப்புறம்தான் ஞாயிறு மாலை ஐந்து முதல் ஐந்தரை வரை மட்டும் விண்ணப்பப் பேச்சு என்று வைத்தோம். மற்ற நேரத்தில் நான் கேட்டால் அவளுக்கு ஐந்து டாலர் தர வேண்டும். அக்டோபரில் மட்டும் முப்பத்தைந்து டாலர் கொடுத்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து பாட்டி ஃபோன் செய்து "எந்தக் காலேஜ் கிடைச்சுது கண்ணு?" என்று கேட்டதுக்கு யார் காசு கொடுப்பது என்று ஒரு வழக்கு வந்தது. அதையும் நான்தான் கொடுத்தேன்.

அனுப்பும் இரவு

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. ஹாலோவீனும் அன்றேதான். மறுநாள் நவம்பர் 1. ஃப்ரிட்ஜில் ஒட்டிய தேதியில் மூன்று விண்ணப்பம் போய்விட்டது. நான்காவது "ஒரே ஒரு வரி மாத்தணும்மா" என்று நின்றுகொண்டே இருந்தது. தீபாவளியன்று முடித்துவிடலாம் என்று நினைத்தோம். எண்ணெய்க் குளியல், விருந்தாளிகள், வாசலில் மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகள். முடியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு உட்கார்ந்தாள். கட்டணம் கட்டும் இடத்தில் வங்கி அட்டையை ஏற்கவில்லை. இது நீங்கள்தானா என்று கேட்டுக் குறுஞ்செய்தி போனது அவள் அப்பாவின் ஃபோனுக்கு. அவர் சைலன்ட்டில் போட்டுத் தூங்கிவிட்டார். எழுப்பி, ஆமாம் என்று பதில் அனுப்பி, மறுபடி கட்டி முடிக்கும்போது பதினொன்று இருபது. கட்டிவிட்டோமே என்று நான் எழுந்து போனேன். அவள்தான் "இன்னும் சப்மிட் ஆகலம்மா" என்றாள். காமன் ஆப்பில் பணம் கட்டுவது வேறு, கையெழுத்திட்டு அனுப்புவது வேறு. திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். பதினொன்று நாற்பதுக்குப் பறந்தன.

ஆகவே: அட்டையின் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவையுங்கள். அனுப்புவதற்கு முன் பிடிஎஃப் முன்னோட்டத்தைக் காகிதத்தில் அச்சிட்டு ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பெட்டியில் வெட்டுப்பட்ட வரிகள் அப்போதுதான் தெரியும். காமன் ஆப்பில் 11:59 என்பது நீங்கள் இருக்கும் ஊரின் நேரம். யூசிக்குப் பசிஃபிக் நேரம். அனுப்பிய இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு போர்ட்டல் இணைப்பு அனுப்பும். அதில் நுழைந்து, என்ன வந்தது, என்ன வரவில்லை என்று பாருங்கள். இதற்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டால் நல்லது. பள்ளி முகவரியைக் கொடுக்காதீர்கள், படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள்.

பணமும் விசாவும்

மத்திய அரசின் பண உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவமும், சில கல்லூரிகள் தங்கள் சொந்த உதவிக்குக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைலும் வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். இவற்றைப் பெற்றோர் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தட்டிலிருந்து அப்படியே இறக்கி வைக்கக்கூடிய ஒரே வேலை இதுதான். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைக்கு மத்திய அரசு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோர் ஹெச்1பி-யில் இருந்தாலும் பிள்ளை இங்கே பிறந்திருந்தால் போடலாம். ஹெச்4-இல், அதாவது ஹெச்1பி பெற்றோரைச் சார்ந்த விசாவில், இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசு உதவி கிடையாது. சில கல்லூரிகள் ஹெச்4 மாணவரைப் பண உதவிக்கு வெளிநாட்டு மாணவராகவே கணக்கிடும். மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் ஹெச்4 முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்து, பட்டியல் போடும் ஆகஸ்டிலேயே ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கேளுங்கள்.

ஏர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்தக் கல்லூரியின் தளத்தில் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிடுவது) உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். 2011 முதல் கல்லூரிகள் அதை வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வந்த தொகையைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிசம்பரில் கிடைத்த பிறகு "இவ்வளவு கட்ட முடியாது" என்று சொல்வதுதான் கொடுமை.

டிசம்பரும் அதற்குப் பின்னும்

டிசம்பர் நடுவில் ஏர்லி முடிவுகள் வரும். வேண்டாம் என்று வரலாம், தள்ளிவைக்கிறோம் என்றும் வரலாம். அந்த நாளுக்குப் பிறகுதான் மற்றச் சப்ளிமென்ட்டுகளைத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முழுதும் அழுகையும் கட்டுரையுமாகப் போகும். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குள் ஜனவரிக் கட்டுரைகளின் முதல் வரைவு இருக்கட்டும். ஏர்லியில் இடம் கிடைத்துவிட்டால் அவற்றைத் தூக்கிப்போடலாம்.

முதல் செமஸ்டர் முடிந்ததும் கவுன்சிலர் மிட்இயர் ரிப்போர்ட் அனுப்புவார். நான் முதலில் சொன்ன பி கிரேடு அதில்தான் போகும். தள்ளிவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ரிப்போர்ட்தான் மிச்சமிருக்கும் பலம். எட்டாவது, ஒன்பதாவது கல்லூரியின் நான்காவது கட்டுரைக்காகப் பிசிக்ஸ் டெஸ்ட்டைக் கோட்டைவிடுவது நஷ்டக் கணக்கு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற இரவு வந்தால், டெஸ்ட்டுக்குப் படிக்கச் சொல்லுங்கள். கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் பதினொன்று கடைசியில் ஒன்பதானது அப்படித்தான்.

பிப்ரவரிக்குப் பிறகு பிள்ளைகள் தளர்வார்கள். இங்கே அதற்கு சீனியரைட்டிஸ் என்று நோய் மாதிரியே பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தளரட்டும். ஆனால் ஜூனில் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போகும். ஏ எடுத்த பிள்ளை டி-யும் எஃப்-பும் கொண்டுவந்தால், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு. மே 1-க்குள் ஓர் இடத்தில் டெபாசிட் கட்ட வேண்டும். அந்த மாதத்தின் முதல் இரண்டு வாரம் ஏபி தேர்வுகள். சேரப்போகும் கல்லூரி எந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பாடத்தில் கிரெடிட் (அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு) தருகிறது என்று அதன் தளத்தில் பார்த்து, பயன்படும் தேர்வுக்கு மட்டும் மெனக்கெட்டுப் படித்தால் போதும்.

முடிவு தெரிந்ததும் பரிந்துரை எழுதிய ஆசிரியர்களிடம் பிள்ளையே போய்ச் சொல்லட்டும். என் மகள் கையால் எழுதிய அட்டையோடு ஒரு டப்பா முறுக்கும் கொண்டுபோனாள். பிசிக்ஸ் ஆசிரியர் அடுத்த வாரம் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, இது எந்த மாவு என்று கேட்டனுப்பினார்.